மழை ஓய்ந்ததும் அருகம்புல்

கோல்ஃப் மைதானத்தை ஆட்டப் பருவத்துக்குத் தயார் செய்வது குளிர்நாடுகளில் வசந்தகால வேலை. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் குளிர்காலம் முழுக்க உறங்கிக் கிடந்த புல் மார்ச், ஏப்ரலில் துளிர்விடும்போது வேலை தொடங்கும். டெல்லியிலும் ஓரளவு இதே கதைதான். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பழுப்பேறும் புல் பிப்ரவரி கடைசியில் மெல்லப் பச்சை கட்டும். சென்னையில் புல்லை முடக்கிப் போடுவது மழை. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்யும் இந்த ஊரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாள்களே இங்கே தயாரிப்புக் காலம். தை பிறந்து பங்குனி வெயில் ஏறுவது வரை ஆடுவதற்கு இதமான பருவம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பட்டையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. சென்னையின் கோல்ஃப் நகரின் தென்பாதியில் வளர்ந்தது. 1829-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே இன்றும் நீடிப்பவற்றில் மிகப் பழையது. சென்னையில் 1884-இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப், கிண்டி குதிரைப் பந்தயப் பாதையின் வளையத்துக்குள் கோல்ஃப் நடத்தியது. அந்தப் பந்தய மைதான நிலத்துக்கு 1945 முதல் இருந்த 99 ஆண்டுக் குத்தகையை 2024-இல் தமிழக அரசு ரத்து செய்தது. நந்தனம், சைதாப்பேட்டைப் பக்கம் காஸ்மோபாலிடன் கிளப்பின் மைதானம் இருக்கிறது. ஆனால் ஒரு புல்தரையைப் பருவத்துக்குத் தயார் செய்யத் தேவையான உரம், நீர், இயந்திரம் ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ள வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. யூரியா மணலியில் தயாராகிறது. கழிவுநீர் கொடுங்கையூரில் நன்னீராகிறது. கிணற்றில் உப்பு ஏறினால் என்ன ஆகும் என்பது மீஞ்சூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஒரே புல், நாலு உயரம்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மைதானம் முழுவதும் ஒரே பச்சை. பராமரிப்பவருக்கு அது நான்கு தனித்தனித் தரை. பந்தை முதலில் அடிக்கும் மேடை ‘டீ’. அங்கே புல்லின் உயரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். பந்து பறந்து விழும் நீண்ட பாதை ‘ஃபேர்வே’. அங்கே 12 முதல் 18 மில்லிமீட்டர். இருபுறமும் ஆட்டக்காரரின் தவறுக்குத் தண்டனையாக வளரவிடும் ‘ரஃப்’பில் 40 மில்லிமீட்டருக்கு மேல். குழி இருக்கும் ‘கிரீன்’ என்னும் உருட்டுத்தரையில் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். இரண்டு தீக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வரும் உயரம் அது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு இந்த அளவைக் கையால் காட்டவே முடியும். அந்த உயரத்தில் இலையின் பெரும்பகுதி நாள்தோறும் வெட்டுப்பட்டும் புல் உயிரோடு இருக்க வேண்டும். மைதானப் பராமரிப்பின் சிரமம் முழுவதும் இந்த 3 மில்லிமீட்டரில் இருக்கிறது.

அதைத் தாங்கும் புல் நமக்குப் புதியதல்ல. உலகம் ‘பெர்முடா’ என்று அழைக்கும் புல், பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான். தாவரவியலில் அதன் பெயர் சைனோடன் டாக்டிலான். வயலில் வந்தால் களை, வரப்பில் நின்றால் மண்ணைக் காக்கும் வேலி. தரைக்கு மேல் ஓடும் தண்டும் தரைக்குள் ஓடும் தண்டும் சேர்ந்து, எங்கே வெட்டினாலும் அடுத்த கணுவில் வேர்விடும். மேய்ச்சலுக்கும் மிதிபாட்டுக்கும் தாக்குப்பிடிக்கும் இந்தக் குணமே அதை மைதானத்துக்கு ஏற்றதாக்கியது.

நாட்டு அருகம்புல்லின் இலை அகலமானது. 3 மில்லிமீட்டரில் வெட்டினால் திட்டுத்திட்டாக மண் தெரியும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் இதை ஆப்பிரிக்க இனமான சைனோடன் டிரான்ஸ்வாலென்சிஸுடன் கலப்புச் செய்தார். 1956-இல் டிஃப்கிரீன், 1960-இல் டிஃப்வே, 1965-இல் டிஃப்ட்வார்ஃப் என ஊர்ப்பெயரின் முன்பாதியைத் தாங்கிய ரகங்கள் வெளிவந்தன. வெப்ப நாடுகளின் மைதானங்கள் பெரும்பாலும் இவற்றின் வாரிசுகளை நம்பியிருக்கின்றன. கலப்பினம் என்பதால் இவை முளைக்கும் விதை தராது. எங்காவது புல் செத்து வழுக்கை விழுந்தால் விதை தூவி ஒப்பேற்ற முடியாது. நாற்றங்காலில் வளர்த்த தண்டுத் துண்டுகளைப் பரப்பி, மண் தூவி, உருளையால் அழுத்தித்தான் நிரப்ப வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு நல்ல மைதானமும் ஒரு மூலையில் புல் நாற்றங்கால் வைத்திருக்கிறது.

இந்தப் புல் 27 முதல் 35 டிகிரி வெப்பத்தில் செழிக்கும். மண்ணின் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கினால் உறங்கிவிடும். சென்னையில் தை மாத இரவிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால் புல் உறங்குவதில்லை, வேகம் மட்டும் குறைகிறது. மழை விட்ட உடனேயே வேலை தொடங்கக் காரணம் அதுதான். குளிர்நாட்டுக்காரர் புல் விழிப்பதற்குக் காத்திருக்க வேண்டும். சென்னைக்காரர் தண்ணீர் வடிவதற்குக் காத்திருக்க வேண்டும்.

முதல் வேலை: தண்ணீர் வடிதல்

மழைக்குப் பிந்தைய சோதனை மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில் தொடங்குகிறது. கைப்பிடியுள்ள குறுகிய இரும்புக் குழாயைத் தரையில் ஓரடிக்குச் செருகி எடுத்தால், மண் ஒரு முறுக்குக்குழல் மாவைப்போல உருளையாக வெளியே வரும். வெள்ளை வேர்கள் நாலைந்து அங்குலத்துக்கு இறங்கியிருந்தால் நல்லது. இரண்டங்குலத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரிந்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அங்கே தண்ணீர் நின்று காற்று அற்றுப்போய்விட்டது என்று பொருள். காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தகத்தைச் சிதைக்கும்போது உண்டாகும் வாயுவின் நாற்றம் அது. அந்த வாயு இரும்போடு சேரும்போது மண் கறுக்கிறது. வேர் மூச்சுத்திணறிச் செத்திருக்கும்.

இதைத் தவிர்க்கவே கிரீன்களின் அடிப்பகுதி வீட்டுக்கு அஸ்திவாரம் போடுவதுபோல அமைக்கப்படுகிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைப்படி, அடியில் துளையிட்ட வடிகுழாய், அதன்மேல் 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதற்கும் மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை. சரளையும் மணலும் சந்திக்கும் இடத்தில் நீர் உடனே இறங்காமல் சற்றே தேங்கி நிற்கும். அளவு மிஞ்சினால் மட்டும் வடியும். வேருக்கு ஈரமும் கிடைக்கும், வெள்ளமும் நிற்காது. இந்த அமைப்பு வேலை செய்ய, குழாயின் வாய் திறந்திருக்க வேண்டும். மழை ஓய்ந்ததும் ஆள்கள் முதலில் போய்ப் பார்ப்பது வடிகுழாய்கள் வெளியே திறக்கும் இடங்களைத்தான். இலைச்சருகும் நத்தை ஓடுகளும் சேறும் அங்கே அடைத்திருக்கும்.

வெள்ளம் புகுந்த இடத்தில் இன்னொரு தொல்லை, படிந்த வண்டல். தோசைக்கல் கனத்துக்கு ஒரு களிமண் படலம் மணலின் மேல் படிந்தாலும் கீழே உள்ள முப்பது சென்டிமீட்டர் மணலும் பயனற்றுப் போகும்; நீர் மேலேயே நின்றுவிடும். காய்ந்து இறுகுவதற்குள் அதைச் சுரண்டி, பீய்ச்சும் நீரால் கழுவித் தள்ள வேண்டும். வெள்ளம் சேற்றை மட்டுமே கொண்டுவரும் என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, கரையிலிருந்த செடிகளிலும் படகுகளிலும் கறுப்பாக அப்பியதை வடசென்னை பார்த்தது. எந்த மைதானத்திலும் வெள்ளம் வடிந்த பின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டே உரம் தூவுவது நல்ல நடைமுறை.

துளையும் மணலும்

ஈரம் வடிந்து தரை நடமாட்டத்தைத் தாங்கியதும் துளையிடும் இயந்திரம் இறங்குகிறது. உள்ளீடற்ற இரும்பு விரல்கள் மேலும் கீழும் இறங்கி, ஒரு அங்குலத்தில் பாதி அகலமுள்ள துளைகளைப் போட்டு மண்ணை வெளியே துப்பும். துளைக்குத் துளை ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, ஆழம் எட்டுப் பத்து சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் தரைப்பரப்பின் நூற்றில் ஐந்து பங்கு ஒரே நாளில் திறந்துவிடுகிறது. மழையில் இறுகிய மண் தளர்கிறது. தண்டுகளும் மட்கிய புல்லும் சேர்ந்து மெத்தைபோலத் திரண்ட அடுக்கு உடைகிறது. வேருக்குக் காற்று போகிறது. புல் மும்முரமாக வளரும் கோடையில் பெரிய துளைகளும், தைப் பருவத்துக்கு முன் சிறிய துளைகளுமாகப் போடுவது வெப்ப நாட்டு வழக்கம். அப்போதுதான் பத்துப் பதினைந்து நாளில் புல் துளையை மூடும்.

துப்பிய மண் உருண்டைகளை அள்ளிவிட்டு, துளைகளில் காய்ந்த மணலை நிரப்பி, தேங்காய்நார்ப் பாயை இழுத்துத் தேய்ப்பார்கள். மணல் தூவும் வழக்கத்தை ஸ்காட்லாந்தின் பழைய மைதானப் பராமரிப்பாளர் டாம் மோரிஸ் தற்செயலாகக் கண்டுபிடித்ததாக ஒரு கதை உண்டு. கிரீனில் ஒரு வண்டி மணலைக் கவிழ்த்துவிட்டாராம். சில வாரத்தில் அந்த இடத்துப் புல் மட்டும் தழைத்திருந்ததாம்.

மணலிலும் தேர்வு உண்டு. கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுள்ள மணலே வேண்டும். அதைவிட நைசானது துளையை அடைக்கும். பருமனானது நீரைத் தங்கவிடாது. கடற்கரை மணல் எளிதாகக் கிடைத்தாலும் அதிலுள்ள உப்பும் சிப்பித்தூளும் அதை ஒதுக்கிவைக்கின்றன. எம்-சாண்ட் என்னும் உடைகல் மணலில் கல்தூள் அதிகம். கழுவிச் சலித்தாலன்றி உதவாது. ஆற்றுமணல் அள்ளுவதற்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, நல்ல மணல் மைதானத்தின் செலவுக் கணக்கில் ஒரு பெரிய வரியாகிவிட்டது.

கத்தியின் கூர்மை

மழையில் இயந்திரம் இறங்க முடியாத வாரங்களில் புல் நெடுநெடுவென வளர்ந்திருக்கும். ஒரே வெட்டில் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தால் இலை முழுவதும் போய் வெறும் தண்டு நிற்கும். தரை வைக்கோல் நிறமாகிவிடும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பழைய விதி. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு வாரத்தில் 3 மில்லிமீட்டரைத் தொடுவார்கள்.

புல்வெட்டும் இயந்திரத்தை 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் உருவாக்கினார். நெசவாலையில் கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்தபோது வந்த யோசனை அது. கிரீன்களில் ஓடும் ‘ரீல்’ இயந்திரம் இன்றும் அதே அமைப்புடையது. சுருளாக வளைந்த கத்திகள் சுழல, அடியில் அசையாத ஒரு கத்தி நிற்கும். இரண்டுக்கும் இடையில் புல் கத்திரிக்கோலில் அகப்பட்ட நூல்போல நறுக்கப்படும். திருவொற்றியூரில் 1950-களின் நடுவில் மோட்டார் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கிய என்ஃபீல்டுக்கும் இந்த இயந்திரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதன் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மிதிவண்டி, மோட்டார் சைக்கிளோடு புல்வெட்டும் இயந்திரத்தையும் இதே பெயரில் விற்றது.

கூர்மையைச் சோதிக்க ஒரு செய்தித்தாள் துண்டு போதும். சுழல்கத்திக்கும் அடிக்கத்திக்கும் நடுவே தாளை வைத்துக் கையால் மெல்லச் சுழற்றினால், கத்தியின் முழு நீளத்திலும் தாள் சுத்தமாக நறுங்க வேண்டும். ஓரிடத்தில் மடங்கினாலும் அங்கே இடைவெளி தவறு. லேத் பட்டறையில் வேலை செய்தவர் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடும் பிழை இது. மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கும்; கிழிந்த நுனி மறுநாள் வெளுத்துக் கிரீன் முழுவதும் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும், நோயும் அந்த வழியே நுழையும். ஆகவே பருவத்துக்கு முன் கத்திகளைச் சாணை பிடித்து, அரைக்கும் பசை தடவிப் பின்னோக்கிச் சுழற்றிப் பதம் பார்ப்பது கட்டாய வேலை.

உரத்தின் கணக்கு

மூன்று மாத மழை மணலில் இருந்த தழைச்சத்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். புல் வெளிறி நிற்கும். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. ஒருமுறைக்குச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம் தழைச்சத்து தர ஐந்தரை கிராம் யூரியா, அதாவது ஒரு தேக்கரண்டி, போதும். ஒரு கிரீன் 500 சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டே முக்கால் கிலோ. பதினெட்டுக் கிரீன்களுக்கும் சேர்த்து, உழவர் வாங்கும் 45 கிலோ மூட்டை ஒன்றும் கொஞ்சமும் ஆகும். அதற்கு மேல் போட்டால் இலை கருகும்; கருகாவிட்டால் சதைப்பிடிப்பாக வளர்ந்து பூஞ்சைக்கு விருந்தாகும்.

அந்த யூரியா பிறக்கும் இடம் வடசென்னைக்குப் பழக்கமானது. 1966-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், 1971 முதல் மணலியில் உரம் தயாரிக்கிறது. நீண்ட காலம் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவே அதன் மூலப்பொருள். 2019-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் திரவ இயற்கை எரிவாயு முனையம் வந்ததும் எரிவாயுவுக்கு மாறியது. காற்றிலுள்ள நைட்ரஜனும் எரிவாயுவின் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியாவாகி, அது கரியமில வாயுவோடு சேர்ந்து யூரியாவாகிறது.

நீரும் உப்பும்

மழை நின்ற சில வாரத்திலேயே கவலை தலைகீழாகிறது. வடிகாலைப் பார்த்த ஆள்கள் தெளிப்பானைப் பார்க்கத் தொடங்குவார்கள். வெயிலில் புல்தரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக இழக்கும். ஒரு ஹெக்டேருக்கு அது 50,000 லிட்டர். இருபது ஹெக்டேருக்கு நீர் பாய்ச்சினால் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கொண்டுவந்தால் எண்பதுக்கு மேற்பட்ட நடை. 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற ஊருக்கு இந்தக் கணக்கின் பொருள் புரியும். குடிநீரை இதற்குச் செலவிட நியாயம் கிடையாது. கிணற்று நீரையும் அளந்தே எடுக்க வேண்டும்.

அளவின்றி எடுத்தால் நடப்பதை மீஞ்சூர் காட்டியது. கடலோர நிலத்தடியில் நன்னீர் உப்புநீரைத் தள்ளி நிறுத்தியிருக்கிறது. நன்னீரை உறிஞ்சிவிட்டால் கடல் உள்ளே வரும். உப்பு நீரைப் பாய்ச்சினால், அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிடும், மண் இறுகும், நீர் இறங்காது. அதற்கு மருந்து ஜிப்சம். அதன் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்க, அடுத்துப் பாயும் நல்ல நீர் அந்தச் சோடியத்தை வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போகும். பருவமழைதான் ஆண்டுக்கொருமுறை இலவசமாகக் கிடைக்கும் பெரிய கழுவல். ஆகையால் ஜிப்சத்தை மழைக்கு முன்பே தூவுவது புத்திசாலித்தனம். உப்பைத் தாங்கும் ‘கடலோர பாஸ்பாலம்’ என்னும் வேறொரு புல்லும் உண்டு. உலகின் பல கடற்கரை மைதானங்கள் அதற்கு மாறியிருக்கின்றன.

மாற்று வழியும் வடசென்னையிலேயே இருக்கிறது. கொடுங்கையூரில் நகரின் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, இறுதியில் சவ்வூடு பரவல் முறையில் வடிகட்டி, நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் இயங்குகிறது. ஆலையின் கொதிகலனுக்கு ஏற்ற நீர் புல்லுக்குத் தாராளமாக ஏற்றது. புல்லுக்கு அந்த அளவு சுத்தம்கூடத் தேவையில்லை. இரண்டாம் கட்டத்தோடு நின்ற நீரிலுள்ள தழைச்சத்து உரச்செலவையும் குறைக்கும்.

மண்ணுக்குள் இருப்பவை

மழைக்குப் பின் தரையில் விரல் பருமனுக்கு மண்மேடுகள் தென்பட்டால் பிள்ளைப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். முன்காலால் மண்ணைத் தோண்டிச் சுரங்கம் போட்டு வேரை அறுக்கும் பூச்சி இது. இருக்கிறதா என்று பார்க்கப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுவார்கள். பூச்சி இருந்தால் சில நிமிடத்தில் எரிச்சல் தாளாமல் மேலே வந்துவிடும். எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை மிகுந்த இடத்தில் மட்டும் மருந்து அடித்தால் போதும். மைதானம் முழுக்க நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை.

களைகளில் முதன்மையானது கோரை. பிடுங்கினால் கிழங்கு மண்ணில் தங்கிவிடும். ஒன்று பிடுங்கிய இடத்தில் மூன்று முளைக்கும். கிரீனில் சிறு கத்தியால் கிழங்கோடு தோண்டி எடுப்பதும், மற்ற இடங்களில் கோரையை மட்டும் தாக்கும் மருந்தை இளம்பருவத்தில் தெளிப்பதும் வழக்கம்.

மலையில் வேறு நாட்காட்டி

தமிழ்நாட்டில் ‘சீசன்’ என்ற சொல்லுக்கு வசந்தம் என்று பொருள்படும் இடம் மலைதான். ஊட்டியின் வென்லாக் புல்வெளியிலும், 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பிலும் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் வரும். அங்கே எதிரி டிசம்பர், ஜனவரி உறைபனி. பனி பூத்த புல்லை மிதித்தால் இலையின் செல்கள் உடைந்து, காலடித் தடம் கறுப்பாகப் பதியும். வெயில் ஏறிப் பனி உருகும் வரை யாரையும் தரையில் விடமாட்டார்கள். மார்ச்சில் கோடைமழை விழுந்த பின்னரே உரமும் மணலும். கொடைக்கானலில் கூடுதலாக ஒரு விருந்தாளி உண்டு: மைதானத்தில் மேய இறங்கும் காட்டெருமை. அதன் குளம்புக்குழியை மணல் போட்டு நிரப்புவதும் தயாரிப்பு வேலைகளில் ஒன்று.

கடைசி வேலை: குழி

பருவம் தொடங்கும் வாரத்தில் எஞ்சியிருப்பவை நுணுக்கமான வேலைகள். ‘பங்கர்’ எனப்படும் மணற்பள்ளங்களில் மழை அரித்த சரிவுகளைச் சீராக்கி, சேறு கலந்த மணலை அகற்றிப் புது மணல் இடுவார்கள். பின்பு கிரீனின் வேகம் அளக்கப்படும். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1935-இல் வடிவமைத்த எளிய கருவி இதற்குப் பயன்படுகிறது. 91 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் பள்ளக்கோலின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், சுமார் 20 பாகையில் பந்து தானே உருளத் தொடங்கும். சமதளத்தில் எதிரெதிர்த் திசைகளில் மும்மூன்று முறை உருட்டி, ஓடிய தூரத்தின் சராசரியை அடியில் சொல்வார்கள். எட்டு ஒன்பது அடி ஓடினால் அன்றாட ஆட்டத்துக்குப் போதும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் புல்லை இன்னும் தாழ்வாக வெட்ட வேண்டியிருக்கும். கோடை நெருங்கும்போது அது புல்லின் உயிரோடு விளையாட்டு.

திறப்பு நாள் விடியற்காலையில் ஆள் ஒருவர் நீண்ட மூங்கில் கழியால் கிரீனைத் துழாவி மார்கழிப் பனித்துளியைத் தட்டிவிடுவார். ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கவும், கத்தி சீராக வெட்டவும் அது உதவும். வெட்டி முடித்ததும் வட்டக் குழாய்க் கத்தியைப் பழைய குழியிலிருந்து தள்ளிப் புதிய இடத்தில் அழுத்தித் திருகி, 108 மில்லிமீட்டர் விட்டமுள்ள மண் உருளையைப் புல்லோடு எடுப்பார். அந்த உருளை பழைய குழிக்குள் போகும். கையால் தட்டிச் சமன்செய்து, வேர் ஒட்ட ஒரு குவளை நீர் ஊற்றுவார். புதிய குழியில் கிண்ணம் இறங்கும், அதன் விளிம்பு தரைக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும், கொடிக்கம்பம் நடப்படும். தைப் பருவத்தின் ஆட்டம் அந்தக் குழியை நோக்கித் தொடங்குகிறது.